கரையோரப் புகைப்பட நடையில் விலங்கு எதிர்ப்பட்டால்: கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கான கேள்வி பதில்கள்

ஊசுட்டேரி, பாகூர் ஏரி, பெருமாள் ஏரி, வீராணம், பிச்சாவரம், பழைய கொள்ளிடக் கரை ஆகிய இடங்களுக்கு விடியற்காலையில் கேமராவோடு நடக்க வருகிறவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பறவையைத் தேடி வந்தவர் முதலையையோ விரியனையோ நரியையோ எதிர்கொள்ள நேர்ந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதே இவற்றின் பொருள். பறவைகளை இனங்காணும் முறையும் கேமராவை அமைக்கும் முறையும் இங்கே இடம்பெறவில்லை.

இந்தப் பக்கத்தில் காடே இல்லையே, அப்படி எந்த விலங்கு எதிர்ப்பட்டுவிடப் போகிறது?

யானையும் சிறுத்தையும் உலவும் மலைக்காடு இங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களில் ஆறும் வாய்க்காலும் குளமும் முதலைகளின் வாழிடங்களாக இருக்கின்றன. ஏரிக்கரைப் புல்லிலும் முந்திரித் தோப்பின் சருகிலும் கண்ணாடி விரியன் கிடக்கும். சவுக்குத் தோப்பிலும் ஆரோவில் பக்கத்துக் காடுகளிலும் நரி திரிகிறது. பனை மட்டைக்கு அடியில் கதண்டு என்னும் பெருங்குளவி கூடு கட்டியிருக்கும், தை மாதத்தில் கடற்கரைக்குப் போனால் முட்டையிட வந்த பங்குனி ஆமையைப் பார்க்க நேரலாம். இவற்றுள் எதுவும் மனிதனைத் தேடி வருவதில்லை. இடர் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது, ஏனெனில் 400 மி.மீ. லென்ஸின் வழியே மறுகரைக் கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்குத் தம் காலடியில் உள்ள இரண்டு மீட்டர் நிலம் தெரிவதே இல்லை. ஆகவே எங்களோடு வருகிறவர்களிடம் நாங்கள் கண்டிப்பாகச் சொல்லும் விதி ஒன்றுதான்: நடக்கும்போது படமெடுக்கக் கூடாது, படமெடுக்கும்போது நடக்கக் கூடாது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்து, அதன் பிறகே அடுத்த அடியை வைக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பலவும் இந்த விதியின் விளக்கமே.

கரையில் முதலை படுத்திருப்பதைக் கண்டுவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

நிற்க வேண்டும். பிறகு, நீங்கள் நிற்கும் இடம் முதலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் காயும் முதலைக்கு அச்சம் தோன்றினால் அது செய்யும் முதல் காரியம் தண்ணீருக்குள் சரிவதுதான். அந்த வழியை நீங்கள் அடைத்துக்கொண்டு நின்றால், அது ஓடும் திசையும் நீங்கள் நிற்கும் இடமும் ஒன்றாகிவிடும். அப்படி அமைந்துவிட்டால், அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் மெதுவாக விலகி, கரையின் மேட்டுப் பக்கமாக ஏற வேண்டும். உடன் வந்தவர்களைக் கூவி அழைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, கையை உயர்த்திக் காட்டினால் போதும்.

இங்குள்ளவை நன்னீர் முதலைகள். பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை மீட்டர் நீளம் வரை இருக்கும், சில அதற்கும் மேல் வளரும். மார்கழி, தை மாதங்களின் குளிரில் வெயில் ஏறிய பிறகு கரையேறி வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும். வாய் பிளந்திருப்பதைச் சீற்றம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்வதற்காகவும் அது அப்படிக் கிடப்பதுண்டு. மாறாக, பிளந்திருந்த வாய் மூடி, தலை சற்றே உயர்ந்து, வயிறு தரையை விட்டு எழுமானால் அது உங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். படம் எடுத்தது போதும் என்று விலகுவதற்கு அதுவே நேரம்.

துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்றொரு அறிவுரை ஊர் ஊராகச் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். நிலத்தில் முதலையால் வேகமாகப் பாய முடியும், ஆனால் சில மீட்டர்களுக்கு மேல் தொடர முடியாது. தண்ணீருக்கு எதிர்த் திசையில் நேராக விலகுவதே சரி. நிலத்தில் துரத்தப்பட்டவர்களை விட, குளிக்கவும் துணி துவைக்கவும் மீன் பிடிக்கவும் தண்ணீரில் இறங்கி நின்றபோது பிடிபட்டவர்களே மிகப் பலர்.

முதலை கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

உண்மையில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முதலையால் ஆபத்து குறைவு. மூழ்கியிருக்கும் முதலையின் மூக்கு நுனியும் இரண்டு கண்மேடுகளும் மட்டுமே நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும், ஆகாயத்தாமரைக்கு நடுவில் அவை தெரியவே மாட்டா. எனவே தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் சேற்றைப் பார்க்க வேண்டும். கரைச் சரிவில் புல் மழுங்கி, களிமண் வழவழப்பாகத் தேய்ந்து தண்ணீருக்குள் இறங்கும் சறுக்குத் தடம் இருந்தால் அது முதலை ஏறி இறங்கும் வழி. தடம் புதியதாக இருந்தால், இருபுறமும் நகம் பதிந்த கால் சுவடுகளும், நடுவே வால் இழுபட்டு உண்டான ஒற்றைக் கோடும் ஈரம் காயாமல் தெரியும். கரையின் அடியில் அகன்று தாழ்ந்த வாயுள்ள பொந்து இருந்தாலும் அதே பொருள்தான். கோடையில் நீர் வற்றும்போது நன்னீர் முதலை இத்தகைய பொந்துக்குள் ஒடுங்கிக்கொள்ளும்.

மாசி, பங்குனியில் கூடுதல் கவனம் தேவை. தாய் முதலை கரை மணலில் குழி பறித்து 25 முதல் 30 முட்டைகள் வரை இட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் அருகிலேயே காவல் இருக்கும். மற்ற நேரங்களில் விலகிப் போகும் முதலை அப்போது விலகாது.

பறவைக் கூட்டங்களின் கீழே நிற்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள சென்னை முதலைப் பண்ணையில், கொக்குகள் கூடு கட்டும் மரத்தடி நீரில் முதலைகள் தம் மூக்கின்மேல் குச்சிகளைத் தாங்கியபடி அசையாமல் கிடப்பதையும், கூட்டுக்குச் சுள்ளி தேடி வரும் பறவையைப் பிடிப்பதையும் ஆய்வாளர்கள் பார்த்து 2013இல் எழுதினார்கள். அது திட்டமிட்ட தந்திரமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கொக்குக் குஞ்சு விழும் மரத்தடி நீர் முதலைக்கும் பிடித்தமான இடம் என்பதில் ஐயமில்லை, நம்மவர்கள் முக்காலியை ஊன்ற விரும்புவதும் அதே இடத்தில்தான்.

தடம் பார்க்கத் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர் போன்ற கொள்ளிடக் கரை ஊர்களில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இந்தத் துறையில் முதலை உண்டா?" என்று கேட்டால், எந்தத் துறையில் எப்போது பார்த்தார்கள் என்பது வரை சொல்லிவிடுவார். எந்த வரைபடமும் அதற்கு ஈடாகாது.

எவ்வளவு தூரத்திலிருந்து படமெடுக்கலாம்?

முதலைக்கு 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் படம் கெட்டுவிடும் என்று வருந்த வேண்டியதில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுச்சட்டக கேமராவில் 400 மி.மீ. லென்ஸைப் பொருத்தி 30 மீட்டரிலிருந்து நோக்கினால், சட்டத்தின் அகலத்தில் ஏறத்தாழ 2.7 மீட்டர் அடங்கும். அதாவது நடுத்தர முதலை ஒன்று மூக்கிலிருந்து வால் வரை சட்டத்தை நிரப்பிவிடும். சிறிய சென்சார் உள்ள கேமராவில் இன்னும் பின்னால் போனால்தான் முழு உடலும் அடங்கும். செல்பேசியில் எடுக்க நினைப்பவர்களே மேலும் மேலும் நெருங்குகிறார்கள். செல்பேசி மட்டும் வைத்திருப்பவர் முதலையைக் கண்ணால் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தூரம் எவ்வளவு என்பதோடு உயரமும் முக்கியம். பாலத்தின் மேலிருந்தோ, உயர்ந்த கரையின் மேலிருந்தோ எடுப்பது பாதுகாப்பானது. முதலை இருப்பதாகத் தெரிந்த நீர்நிலையில், எதைப் படமெடுப்பதாக இருந்தாலும், நீர்விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியே நிற்க வேண்டும். படித்துறையின் கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்து நீரில் தெரியும் பிம்பத்தை எடுப்பது அறவே கூடாது.

தரையோடு தரையாகப் படுத்துப் படமெடுப்பது வழக்கமாயிற்றே, அதைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் படுக்கும் இடத்தை முதலில் நீண்ட கோலால் தட்டிப் பார்த்த பிறகு. உள்ளான்களையும் ஆள்காட்டிகளையும் அவற்றின் கண்மட்டத்தில் எடுப்பதற்காகப் புல்லில் முழங்கையை ஊன்றிப் படுக்கும் பழக்கம் இப்போது பரவிவிட்டது. கண்ணாடி விரியனும் அதே புல்லில்தான் இருக்கிறது. குளிர்காலக் காலையில் அது வெயிலுக்காகக் கரையோரம் வந்து சுருண்டு கிடக்கும். பழுப்பு உடலின் மேல் சங்கிலிபோல் தொடரும் கருவிளிம்பிட்ட வட்டங்கள் முந்திரிச் சருகின் நிறத்தோடும் நிழலோடும் அப்படியே கலந்துவிடுவதால், அரை மீட்டர் தொலைவிலும் அதைப் பிரித்தறிவது கடினம். பெரும்பாலான பாம்புகள் நடையதிர்வை உணர்ந்து விலகிவிடும், ஆனால் விரியன் இடத்தை விட்டு அசையாமல் கிடப்பது. குக்கரிலிருந்து ஆவி வெளியேறுவது போன்ற நீண்ட சீறல் கேட்டால், கேட்ட இடத்திலேயே உறைந்து நின்று, ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் தேடிக் கண்டபின், வந்த வழியே பின்வாங்க வேண்டும். தேடாமல் குதித்து ஓடுபவர் அதன்மேலேயே கால் வைக்கக்கூடும்.

கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணியும் தளர்ந்த முழுக்கால்சட்டையும் இல்லாதவர்களை நாங்கள் கரையின் புல்லுக்குள் இறங்க அனுமதிப்பதில்லை. செருப்போடு வருகிறவர்கள் வண்டிப் பாதையிலேயே நடக்கலாம். அங்கிருந்தும் நல்ல படங்கள் கிடைக்கின்றன.

பாம்பு கடித்துவிட்டால்?

கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, பச்சிலைக்கு ஓடக் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், கொலுசு, இறுக்கமான காலணி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, முறிந்த எலும்புக்குக் கட்டுவதுபோல் ஒரு குச்சியை வைத்து அந்தக் கையையோ காலையோ அசையாமல் செய்து, 108 ஐ அழைக்க வேண்டும். கடிபட்டவரை நடக்க விடக் கூடாது. கரை நெடுக வண்டி வராது என்பதால், அவரைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். தனியாக நடைக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே நச்சுமுறிவு மருந்து பயன்படுவதால், கடித்தது எது என்று தெரியாவிட்டாலும் மருத்துவம் நின்றுவிடாது. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றுள் எது அருகில் இருக்கிறதோ அங்கே செல்லலாம். பாம்பின் படம் ஏற்கெனவே கேமராவில் பதிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காகப் பாம்பைத் தேடித் திரும்பிப் போவது, இரண்டாவது கடிக்கு இடம் கொடுப்பதாகும்.

நரி எதிரே வந்து நிற்கிறது. தாக்குமா?

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். புகைப்படக்காரருக்கு அது யோகம்தான், ஏனெனில் அது நின்று பார்ப்பது சில நொடிகள் மட்டுமே. இயல்பான நரி மனிதனைக் கண்டால் ஒதுங்கிவிடும். வெறிநோய் கண்ட நரி அப்படி ஒதுங்காது. பகல் வெளிச்சத்தில் தள்ளாடியபடி, அச்சமே இல்லாமல், நேராக ஆளை நோக்கி வரும். அந்த அறிகுறியைக் கண்டால் கேமராப் பையையோ முக்காலியையோ நடுவில் பிடித்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். நரியோ நாயோ குரங்கோ கடித்தாலும், நகம் கீறினாலும், அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சிறு கீறல்தானே என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

ஏரிக்கரை நடையில் நரியை விடத் தெருநாய்க் கூட்டமே பலமடங்கு அடிக்கடி எதிர்ப்படுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஓடாமல் நிற்பதும், தின்பண்டத்தைப் பைக்குள் வைத்திருப்பதும் அதற்குப் போதும்.

கதண்டுக் கூட்டின் அருகில் போய்விட்டால்?

எங்கள் கணிப்பில், இந்த வட்டாரத்தில் மக்கள் மிகவும் குறைத்து மதிப்பிடும் ஆபத்து இதுதான். பனை, தென்னை மட்டைகளின் இடுக்கிலும், பாழடைந்த கட்டடத்திலும், சில நேரம் தாழ்ந்த புதரிலும் கதண்டு கூடு கட்டும். பனையில் உட்கார்ந்த ஆந்தையையோ பனங்காடையையோ அண்ணாந்து தேடிக்கொண்டு மரத்தடிக்கே போய்விடுபவர் மாட்டிக்கொள்கிறார். ஒன்றிரண்டு கதண்டுகள் தலையைச் சுற்றி வந்து முட்டினால் அது எச்சரிக்கை. கையை வீசாமல், வந்த வழியே உடனே விலகிவிட வேண்டும். கூட்டமாகக் கிளம்பிவிட்டால் நிதானத்துக்கு இடமில்லை. சட்டையாலோ துண்டாலோ முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ புகும்வரை ஓட வேண்டும். இந்தப் பதில்கள் அனைத்திலும் ஓடச் சொல்லும் இடம் இது ஒன்றே. முதலையுள்ள வாய்க்காலில் குதித்துவிடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறோம். தேனீயின் கொடுக்கு தோலில் தங்கிவிடும், கதண்டின் கொடுக்கு தங்குவதில்லை என்பதால் ஒரே கதண்டு பலமுறை கொட்டும். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, மூச்சுத் திணறல், உதட்டு வீக்கம், மயக்கம் தோன்றினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடு மக்கள் நடமாடும் இடத்தில் இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். கல்லெறிந்து கலைக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

இரவில் கடற்கரையில் ஆமை முட்டையிடுவதைப் பார்த்தால் படமெடுக்கலாமா?

எடுக்காமல் இருப்பதே நல்லது. தை முதல் பங்குனி வரை, தாழங்குடா, தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுச்சேரியின் நரம்பை, மூர்த்திக்குப்பம் போன்ற கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி, குழி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகின்றன. கரையேறி வரும்போது ஒளியோ ஆள் நடமாட்டமோ கண்டால், ஆமை முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். ஆகவே பிளாஷும் செல்பேசி விளக்கும் கூடவே கூடாது. 45 முதல் 60 நாளில் பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று கொண்டு போகும் இயல்புடையவை, அதனால் நம் விளக்கு அவற்றை ஊர்ப் பக்கம் திருப்பிவிடும். முட்டையிட்ட இடம் தெரிந்தால் வனத்துறைக்கோ, இரவில் கரையில் ரோந்து வரும் ஆமைக் காவலர்களுக்கோ சொன்னால், முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவார்கள். படம் வேண்டுமென்றால், பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடும்போது, அங்குள்ளவர்களின் அனுமதியோடு பிளாஷ் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

அனுமதி வாங்க வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

பொதுச் சாலையிலிருந்தும் பொதுக் கரையிலிருந்தும் பறவையைப் படமெடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் சரணாலயம், தமிழ்நாட்டுப் பகுதியும் பறவைகள் சரணாலயமே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் புகைப்படம் எடுப்பதற்கென நுழைவது அனுமதியின் பேரில்தான். பிச்சாவரம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த காப்புக்காடு. அங்கே படகு போகும் வழிகளைத் தாண்டி வனத்துறையின் இசைவின்றி உள்ளே போக முடியாது. ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், கூடுகளில் உள்ள பறவைகள் ஒருசேரக் கிளம்பினால் முட்டைகளும் குஞ்சுகளும் காக்கைக்கு இரையாகிவிடும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். அந்தச் சட்டம் வேட்டை என்று சொல்வதில் கொல்வது மட்டும் அடங்கவில்லை. விலங்கை விரட்டுவதும், இரை வைத்து இழுப்பதும், காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அதில் அடங்கும். முதலை, பங்குனி ஆமை, நரி மூன்றும் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ளவை. முதலை வாயைத் திறக்கட்டும் என்று கோழித்தலை எறிவதும், அது அசையட்டும் என்று கல் எறிவதும் வழக்கில் போய் முடியும்.

எடுத்த படத்தை இடத்தின் பெயரோடு பகிரலாமா?

முதலை படமென்றால் ஊர்ப் பெயரோடு பகிர்வதில் தவறில்லை, அந்தத் துறையில் இறங்குபவருக்கு அது எச்சரிக்கையாகவும் பயன்படும். கூடு, நரிப் பொந்து, ஆமை முட்டையிட்ட இடம் ஆகியவற்றுக்கு இடப்பெயரும் வேண்டாம், படக்கோப்பில் தானாகப் பதியும் ஜிபிஎஸ் குறிப்பும் வேண்டாம். பகிர்வதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.

ஊர்க் குளத்தில் முதலை இருப்பதைப் பார்த்தால் யாரிடம் சொல்வது?

முதலில் அங்கே குளிப்பவர்களிடமும் மாடு கழுவுபவர்களிடமும், அடுத்து ஊராட்சித் தலைவரிடமும் வனத்துறையிடமும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கொள்ளிடம் பெருகும்போது முதலைகள் வாய்க்கால் வழியாக ஊர்க் குளங்களுக்கு வந்துவிடுவது சிதம்பரம் பகுதியில் ஆண்டுதோறும் நடப்பது. வனத்துறையினர் அவற்றைப் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். நீங்கள் எடுத்த படமும் எடுத்த நேரமும், அது எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் கரையேறுகிறது என்று கணிக்க அவர்களுக்கு உதவும். முதலையைப் பிடிக்கும் நாளில் படமெடுக்கப் போனால், கயிறு பிடிப்பவர்களுக்குப் பின்னால், கரையின் மேல் நில்லுங்கள். கயிற்றில் மாட்டிய முதலை உடம்பை உருட்டிச் சுழலும்போது பிடித்திருப்பவர்கள் சட்டென்று பின்வாங்க வேண்டியிருக்கும், அந்த இடத்தில் முக்காலி இருக்கக் கூடாது.